எஸ்பியர்க் பக்கத்தில் ஓடிய சட்லெஜ்

நான் வேலை பார்த்த உடைக்கூடத்தில் இப்போது வேலை செய்கிற ஒரு பிள்ளை போன மாதம் டோஸ்ட்ருப்பில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். டென்மார்க்கில் பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் டெனிஷில் பதில் சொல்வாள். இப்போதெல்லாம் போர்க்காட்சி என்றால் முப்பது பேருக்கு உடை தைத்துக் கொடுத்தால் போதுமாம். மிச்சப் பட்டாளத்தைக் கணினி பெருக்கிக்கொள்ளுமாம். அதற்குள்ளேயே சண்டை பிடித்து அதற்குள்ளேயே செத்தும் போவார்களாம். உங்கள் காலத்தில் எப்படிச் செய்தீர்கள், எங்கள் தமிழ் மன்றத்து மலருக்கு எழுதித் தாருங்கள் என்றாள். டெனிஷ் தொலைக்காட்சியில் முதன்முதல் கூட்டமாக முகம் காட்டிய தமிழரைப் பற்றிப் பெருமையாக எழுதலாமே என்றும் சொன்னாள்.

பெருமை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைக் கோபித்து என்ன பயன்? எழுதுகிறேன். படித்துவிட்டுப் போட முடியாது என்று சொன்னால் அது அவர்கள் பாடு.

தொழில் பழகிய கதையை நீட்ட விரும்பவில்லை. யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு தையல்கடையில் காற்சட்டையும் கோட்டும் வெட்டப் பழகினேன். கப்பலில் சலவை வேலைக்கு ஏறினேன். கோப்பன்ஹேகனில் இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. திரைச்சீலை தைக்கிற ஒரு தொழிற்சாலையில் சில காலம் இருந்தேன். பிறகு நாடகங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உடை செய்கிற ஒரு கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கேதான் தலை நரைத்தது.

கூடத்தின் தலைவி கிர்ஸ்டன். நெட்டையான பெண். இடது மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டி கட்டி அதில் ஊசிகளைக் குத்தி வைத்திருப்பார். ஒருவர் வாசலால் நுழைந்து வருவதற்குள் அவருடைய தோள் அளவும் இடுப்பளவும் கிர்ஸ்டனுக்குத் தெரிந்துவிடும். குரலை உயர்த்தவே மாட்டார். யார் என்ன குறை சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அது தன்பாட்டில் சரிவரும்" என்பார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபக்காரரிடம் கெஞ்சலாம், சண்டையாவது போடலாம். தலையைச் சாய்த்துக் கேட்கிறவரிடம் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் வேலை என்றால் வேலைதான். புதுத் துணியைப் போரில் கிடந்த துணியாக மாற்றுவதை அவரிடம்தான் பழகினேன். தைத்து முடித்த கோட்டுகளைக் கூழாங்கற்களோடு சீமெந்து குழைக்கிற இயந்திரத்தில் போட்டுச் சுற்றுவோம். முழங்கையையும் முழங்காலையும் உப்புத்தாளால் தேய்ப்போம். கழுத்துப் பட்டிக்குத் தேயிலைச் சாயம், அக்குளுக்கு மெழுகும் புகைக்கரியும். கடைசியாகப் பொத்தான்களில் இரண்டைப் பிடுங்கி எறிவோம். ஒருவனுக்குரிய கோட்டு, காற்சட்டை, வார், சப்பாத்து எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கம். உடுத்தி முடிந்ததும் உடனே கையில் வந்து விழுகிற புகைப்படம் ஒன்று எடுத்து அந்த இலக்கத்தோடு கொழுவி விடுவோம். ஒருமுறை ஒரு முகம் ஒரு கோட்டோடு திரையில் வந்துவிட்டால், படம் முடியும்வரை அந்த முகத்துக்கு அந்தக் கோட்டுத்தான். செத்தாலும் மாற்ற முடியாது என்று கிர்ஸ்டன் சொல்வார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஒரு தொடர் எடுத்தார்கள். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பனிப் படையில் வேலை பார்த்த ஒரு டெனிஷ் வைத்தியனின் கற்பனைக் கதை. அதில் கும்பனிக்காரருக்கும் பஞ்சாபின் சீக்கியப் படைக்கும் நடந்த முதலாவது போர் வருகிறது. நூற்று நாற்பது வருடத்துக்கு முந்திய போர். சட்லெஜ் ஆற்றங்கரையில் சோப்ரான் என்ற இடத்தில் சீக்கியர் மண் அணை கட்டி அதன் பின்னால் பீரங்கிகளோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆறு. ஆற்றைக் கடக்க ஒரு படகுப் பாலம் மட்டும்தான். அந்தக் கடைசிச் சண்டையை எஸ்பியர்க்குக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு ஆற்றோரச் சதுப்பு வெளியில் எடுப்பதென்று முடிவாயிற்று. காலையில் அங்கே வரும் பனிமூட்டம் பஞ்சாப் பனிமூட்டத்துக்குப் பொருந்தும் என்றார்கள்.

வெள்ளைக்காரச் சிப்பாய்களாக நிற்க ஒரு இராணுவ முகாமிலிருந்து டெனிஷ் இளைஞர்கள் வந்தார்கள். பழுப்பு முகத்துக்கு எங்கே போவது? எஸ்பியர்க்கில் ஒரு விடுதியில் எங்கள் பொடியன்கள் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தார்கள். வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் வேலை என்று சொல்லாமல் 'பங்கேற்பு' என்று ஒரு பெயர் வைத்து அழைத்து வந்தார்கள். அவர்களோடு கதைக்க ஆள் தேவைப்பட்டதால் என்னையும் கோப்பன்ஹேகனிலிருந்து கூட்டிப் போனார்கள். நான் உடுத்தி விடுகிறவனும் மொழிபெயர்ப்பாளனும்.

முதல் நாள் கிர்ஸ்டன் சொன்னார், பாதிப் பேர் சீக்கியர், பாதிப் பேர் கும்பனியின் இந்தியச் சிப்பாய்கள், இரண்டாகப் பிரியச் சொல்லு என்று. நான் சொன்னேன். எந்தப் பக்கம் யார் என்று நான் கையைக் காட்டுவதற்கு முன்னமே பொடியன்கள் தாங்களாகவே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு தள்ளுமுள்ளு இல்லை, கேள்வி இல்லை. கிர்ஸ்டனுக்கு நல்ல சந்தோஷம். இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தைத் தான் பார்த்ததில்லை என்றார்.

விடுதியில் அவர்கள் இரண்டு பானையில் சமைப்பது எனக்குத் தெரியும். ஊரில் ஆயுதம் எடுத்த ஒரு இயக்கத்தை ஆதரிக்கிறவர்களுக்கு ஒரு பானை, மற்ற இயக்கத்துக்காரருக்கு மற்றப் பானை. அந்தப் பானைக் கணக்கிலேயே இங்கும் பிரிந்து நின்றார்கள். எங்கள் ஆட்களை எங்கே கொண்டுபோய் விட்டாலும் இதை மட்டும் மறக்க மாட்டார்கள்.

அந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்காதவர்கள் இரண்டு பேர், நேசனும் குலமும். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். ஒன்றாகவே கொழும்புக்குப் போய் ஒன்றாகவே விமானம் ஏறி வந்தவர்கள். விடுதியில் ஒரே அறை. இருவருக்கும் சேர்த்து ஒரு பழைய சைக்கிள் இருந்தது. நேசனின் தம்பி ஊரில் ஒரு இயக்கத்தில் இருந்தான். குலம் மற்ற இயக்கத்தின் ஆள். அதனால் சாப்பாடு வேறு வேறு பானையில் என்றாலும் இருவரும் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஒன்றாக இருந்துதான் சாப்பிடுவார்கள். அன்றைக்கு நேசன் சீக்கியர் பக்கம் நின்றான். குலம் சிப்பாய்கள் பக்கம்.

"என்னடா, வெள்ளைக்காரனுக்குச் சேவகம் பாக்கப் போறியோ?" என்று நேசன் கேட்டான்.

"கோட்டு வடிவாயிருக்கடா. உனக்கு வெறும் அங்கியும் தாடியும்தானே," என்றான் குலம்.

உண்மையில் அந்தப் போரில் சீக்கியரின் காலாட்படையிலும் பலர் சிவப்புக் கோட்டுத்தான் போட்டிருந்தார்கள். கிர்ஸ்டன் புத்தகத்தில் பார்த்து அதை எனக்குச் சொன்னார். இரண்டு பக்கமும் சிவப்பாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு யார் யாரென்று தெரியாமல் போய்விடும், அதனால் சீக்கியருக்கு வெள்ளை அங்கியும் நீல இடைக்கச்சையும் என்று தீர்மானித்திருந்தார்கள். அந்த நீலச் சாயம் ஈரம் பட்டால் இறங்கியது. அங்கியில் பட்டால் போர் அழுக்கு என்று விட்டுவிடலாம். சிவப்புக் கோட்டின் மேல் குறுக்கே போகிற வெள்ளை வாரில் பட்டால் என்ன செய்தாலும் போகாது. எனவே கிர்ஸ்டன் ஒரு சட்டம் போட்டார். உடுத்தியபின் நீலக் கச்சையும் வெள்ளை வாரும் ஒன்றை ஒன்று நெருங்கக் கூடாது. இரண்டு பஸ், இரண்டு கூடாரம், இரண்டு இடத்தில் சாப்பாடு. இடையில் கயிறு கட்டியிருந்தது.

தலைப்பாகைக்கென்று கிர்ஸ்டன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். துணியை மடித்து ஒரு தொப்பியின் மேல் தைத்து வைத்துவிட்டால் ஒரு நொடியில் மாட்டிவிடலாம். அதைச் சரிபார்க்க எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த குர்தியால் சிங் என்ற பஞ்சாபிக்காரரைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது மதிக்கலாம். அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மெதுவாக மேசையில் வைத்தார். "இது தொப்பி" என்று மட்டும் டெனிஷில் சொன்னார். பிறகு, தனக்கு மாலை முறை வேலைதான், காலையில் வந்து எல்லோருக்கும் தானே கட்டி விடுகிறேன் என்றார். ஒரு நிபந்தனை வைத்தார். தலைப்பாகை கட்டியிருக்கும்போது யாரும் சிகரெட் புகைக்கக் கூடாது.

எங்கள் பொடியன்களுக்கு அது பெரிய தண்டனை. ஆனால் அவர் ஒவ்வொருவனுக்கும் முன்னால் நின்று, துணியை இழுத்து, மடிப்பை விரலால் நீவி, நெற்றியில் ஒரு தட்டுத் தட்டி முடிக்கும்போது அவர்களுக்கும் என்னவோ செய்தது. நேசன்தான் பெரிய புகைகாரன். இடைவேளையில் அவரிடம் போய்த் தலையைக் குனிவான். அவர் அவிழ்த்து விடுவார். புகைத்துவிட்டு வந்து திரும்பக் குனிவான். அவர் திரும்பக் கட்டி விடுவார். முகத்தைச் சுளித்ததே இல்லை.

முதல் நாள் பீரங்கி வெடித்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். வெறும் மருந்துதான், குண்டு இல்லை. வெடித்த கையோடு சீக்கியரும் சிப்பாய்களும் ஒருவர் மிச்சமில்லாமல் நிலத்தில் குப்புறக் கிடந்தார்கள். காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல். டெனிஷ் இளைஞர்கள் மட்டும் துவக்கைப் பிடித்தபடி ஒன்றும் விளங்காமல் நின்றார்கள். தொடரின் நெறியாளர் ஒலிபெருக்கியில் கத்தினார். சீக்கியர் உலகத்திலேயே வீரமான படை, அவர்கள் படுக்க மாட்டார்கள் என்றார்.

"ஏன்ராப்பா படுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நாங்கள் எங்க அண்ணை படுத்தது? உடம்பு தானாப் படுத்திட்டுது," என்றான் நேசன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் குலம் சிவப்புக் கோட்டில் சேற்றைத் தட்டிக்கொண்டே, "சேவியர் அண்ணை, சீக்கியர் வீரராம், பாத்தியளே?" என்று சிரித்தான்.

"நீயும் கிடந்தனீதானேடா!" என்றேன் நான்.

"நான் கும்பனிக்காக் கிடந்தனான்."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பத் திரும்ப எடுத்தும் உடம்பு கேட்கவில்லை. கிர்ஸ்டன்தான் வழி சொன்னார். காதில் மெழுகும் பஞ்சும் அடைத்துவிடு, மேலே தலைப்பாகையும் தொப்பியும் மறைத்துக்கொள்ளும், கொடி அசைந்ததும் ஓடட்டும் என்றார். மெழுகைச் சூடு காட்டி உருட்டிச் சீக்கியருக்கு நானே அடைத்தேன்; சிப்பாய்கள் உருண்டையை வாங்கித் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் வீரராக நிமிர்ந்து நின்றார்கள்.

அடுத்த நாட்களில் முகங்களைக் கிட்டத்தில் வைத்து எடுத்தார்கள். நேசனின் முகம் நெறியாளருக்குப் பிடித்துப் போயிற்று. பீரங்கிக்குப் பக்கத்தில் வாளோடு நிறுத்தினார்கள். குலம் நன்றாக ஓடுவான். அணைக்கு மேலால் முதலில் பாய்கிற சிப்பாய் அவன் என்று வைத்தார்கள்.

அந்த வார இறுதியில்தான் ஊரிலிருந்து செய்தி வந்தது. ஒரு இயக்கம் மற்ற இயக்கத்தைத் தெருத்தெருவாகத் தேடிச் சுடுகிறது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. சுடுகிறது குலத்தின் இயக்கம். சுடப்படுகிறது நேசனின் தம்பி இருந்த இயக்கம். இதைப் பற்றி இன்றைக்கும் நம் ஆட்கள் கதைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கு அந்த மரியாதை இல்லை. நம் பிள்ளைகளை நம் பிள்ளைகளே நாயைச் சுடுவது போலச் சுட்டார்கள். இங்கே குளிருக்குள் பத்திரமாக இருந்துகொண்டு அதைச் சரி என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

நேசன் தம்பியைப் பற்றி விசாரிக்காத இடம் இல்லை. ஊருக்குத் தொலைபேசி எடுபடவில்லை. இரவோடு இரவாகக் குலத்தோடு இருந்த அறையை விட்டு வேறு அறைக்கு மாறினான். குலம் அவன் வாசலில் போய் நின்று, "டேய், நான் சுடச் சொன்னனானோ?" என்று கேட்டானாம். நேசன் கதவைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை படப்பிடிப்புக்கு வந்த நேசன் இடைவேளையில் சிகரெட் கேட்கவில்லை. நாள் முழுக்கத் தலைப்பாகையோடு பீரங்கிச் சக்கரத்தில் சாய்ந்தபடி இருந்தான். குர்தியால் சிங் இரண்டு முறை அவனைத் திரும்பிப் பார்த்தார்.

நான் கிர்ஸ்டனிடம் போனேன். நாளைக்குக் கைகலப்புக் காட்சி, இந்த இரண்டு பேரையும் நேருக்கு நேர் விட வேண்டாம், முடிந்தால் இரண்டு கூட்டத்தையும் கலந்து விடுவோம் என்றேன். ஊரில் நடந்ததையும் எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார். பிறகு பெட்டியைத் திறந்து இரண்டு புகைப்படங்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று தாடியோடு நேசன், மற்றது சிவப்புக் கோட்டில் சிரித்துக்கொண்டு குலம்.

"சேவியர், இந்த இரண்டு முகமும் வந்துவிட்டன."

"அவர்கள் உண்மையிலேயே இப்போது பகையாளிகள், கிர்ஸ்டன்."

பக்கத்தில் நின்ற நெறியாளர் காதில் அது விழுந்தது. "அப்படியென்றால் நடிப்புச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை" என்று சிரித்தார். கிர்ஸ்டன் சிரிக்கவில்லை. "அது தன்பாட்டில் சரிவரும்" என்றார்.

தலைப்பாகைக்கும் தாடிக்கும் நேரம் எடுக்கும் என்பதால் சீக்கியரின் பஸ் விடியவே வரும். சிப்பாய்களின் பஸ் இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வரும். மறுநாளும் அப்படித்தான். குர்தியால் சிங் நேசனுக்குக் கட்டும்போது, இந்தப் பிள்ளைக்கு என்ன என்று என்னிடம் கேட்டார். ஊரில் இவனுடைய ஆட்களை எங்கள் ஆட்களே சுட்டுவிட்டார்கள், தம்பி என்ன ஆனான் என்று தெரியாது என்றேன். அவர் துணியை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் பஞ்சாபிலும் டில்லியிலும் சீக்கியருக்கு நடந்தவற்றில் அவர் யாரையெல்லாம் இழந்தார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

பிறகு, சொல்லு இவனுக்கு என்று சொல்லிவிட்டு அந்தச் சண்டையின் கதையைச் சொன்னார். நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். எங்கள் படையை வெள்ளைக்காரன் வெல்லவில்லை. எங்கள் தலைவர்களே எங்கள் அணையின் அமைப்பை அவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சண்டை மும்முரமானபோது சேனாதிபதி முதலில் பாலத்தைக் கடந்து போனான். போனவன் நடுப் படகை அழித்துவிட்டுப் போனான். பின்னால் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் ஆற்றில் போனார்கள்.

நேசன் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"அந்தச் சேனாதிபதிக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு கேளுங்கோ அண்ணை."

கேட்டேன். குர்தியால் சிங் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னார். "வெள்ளைக்காரர் அவனுக்கு ராஜா பட்டம் கொடுத்தார்கள்."

நேசன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மனிதர் ஆறுதலுக்குத்தான் சொன்னார், நீ தனியாள் இல்லை என்று. அவன் எதை எடுத்துக்கொண்டானோ! நெற்றியில் தட்டு விழுந்தது. நான் மெழுகை உருட்டி அவன் காதுகளை அடைத்தேன்.

இனிச் சொல்லப் போவது குலம் பிறகு ஆஸ்பத்திரியில் வைத்து எனக்குச் சொன்னது. சீக்கியரின் பஸ் போன பிறகு விடுதி நடத்துகிறவர்களின் கந்தோருக்கு ஒரு தொலைபேசி வந்திருக்கிறது. லண்டனில் இருந்த குலத்தின் மாமா. ஊரிலிருந்து ஒருவர் கொழும்புக்கு வந்து அவருக்குச் செய்தி சொல்லியிருக்கிறார். நேசனின் தம்பி உயிரோடு இருக்கிறான். குலத்தின் தாயார் அவனைத் தன் வீட்டில், நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். தேடி வந்தவர்களை வாசலிலேயே மறித்து, "என்ர மகன் உங்கட ஆள். என்ர வீட்டையோ சோதிக்கப் போறியள்?" என்று கேட்டாராம். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

குலம் பஸ்ஸில் இருந்து இறங்கி உடுத்த உடனே கயிற்றடிக்கு ஓடி வந்திருக்கிறான். கிர்ஸ்டன் அங்கே நின்றார். தனக்குத் தெரிந்த நாலு டெனிஷ் சொல்லில், அங்கே நிற்கிற ஒருவனுக்கு ஒரு செய்தி, முக்கியமான செய்தி என்று சொல்லியிருக்கிறான். கிர்ஸ்டன் அவனுடைய வெள்ளை வாரைப் பார்த்தார். பனியில் எல்லாம் ஈரம். தலையைச் சாய்த்து, "காட்சி முடிந்த பிறகு" என்றார். சேவியர் எங்கே என்று கேட்டிருக்கிறான். நான் சீக்கியர் கூடாரத்தில் கடைசி ஆளுக்கு மெழுகு உருட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் வரிசையில் நிற்கச் சொல்லி விசில் ஊதிவிட்டார்கள். சரி, அணையைத் தாண்டினால் நேசனிடம்தானே போய் நிற்பேன், அங்கேயே சொல்லிவிடுவோம் என்று நினைத்தானாம். அதனால்தான் அன்றைக்கு அவன் அவ்வளவு வேகமாக ஓடினான்.

கொடி அசைந்தது. பீரங்கி வெடித்தது. ஒருவரும் படுக்கவில்லை. பனியும் புகையும் கலந்து கிடந்தன. நான் உடுத்துகிறவர்கள் நிற்கும் இடத்தில், கமராவுக்குப் பின்னால் நின்றேன். சிவப்புக் கோட்டுகள் மண் அணையில் ஏறின. எல்லோருக்கும் முன்னால் குலம். துவக்கை நீட்டிக்கொண்டு பாய வேண்டும் என்பதுதான் சொல்லிக் கொடுத்தது. அவன் அணையின் உச்சியில் துவக்கை எறிந்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, எதையோ கத்தியபடி நேசனை நோக்கி இறங்கினான். நேசனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? ஒன்றும் கேட்காத காதும், எதிரே கத்திக்கொண்டு வருகிற அந்த இயக்கத்து ஆளும்தான். வாளை ஓங்கினான்.

அலுமினியம்தான். விளிம்பைத் தேய்த்து மழுக்கியிருந்தோம். ஆனால் நுனி நுனிதானே. குலத்தின் இடது கண்ணில் பட்டது.

அதைக் கண்டதும் மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். துவக்குக் கட்டையாலும் கையாலும் காலாலும் உண்மையாகவே அடித்துக்கொண்டார்கள். இரண்டு பானைக்காரரும் இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சேற்றில் இறங்கிற்று. டெனிஷ் இளைஞர்கள் பின்வாங்கி நின்றார்கள். நெறியாளர் நிறுத்தச் சொல்லவில்லை. கையை உயர்த்தி, எடு எடு என்று கமராக்காரனுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். நான் தமிழில் கத்தினேன். எல்லாக் காதும் நான் உருட்டிய மெழுகால் அடைத்த காது.

உள்ளே ஓடியவர் குர்தியால் சிங் ஒருவர்தான். தொழிற்சாலை றப்பர் சப்பாத்தோடு கமராவுக்குக் குறுக்கே ஓடி நேசனைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்துத் தூக்கினார். அவர் அவனுக்குக் கட்டிய தலைப்பாகை அவிழ்ந்து சேற்றில் இழுபட்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. காட்சியைக் கெடுத்துவிட்டான் அந்த ஆள் என்று நெறியாளர் அப்போதுதான் நிறுத்தச் சொன்னார்.

நான் போய் நேசனின் காதிலிருந்து மெழுகைப் பிடுங்கினேன். குலம் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தான். விரலுக்குள்ளால் இரத்தம் வந்தது. அந்த நிலையிலும் அவன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நேசன், உன்ர தம்பி எங்கட வீட்டில இருக்கிறான்ரா. அம்மா ஒளிச்சு வைச்சிருக்கிறா. தம்பி இருக்கிறான்ரா."

நேசன் அதைக் கேட்டான். எனக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டான். அவன் முகத்தை எழுத எனக்கு விருப்பமில்லை.

குலத்தை ஏற்றிக்கொண்டு வண்டி போனதும் கிர்ஸ்டன் என்னிடம் வந்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. இருந்தாலும் கையில் அந்தப் புகைப்படப் பெட்டி. குலத்தின் கோட்டை ஆஸ்பத்திரியில் வெட்டிவிடாமல் கழற்றச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அந்த உயரத்தில் வேறு ஒருவனைப் பின்பக்கமாக நிறுத்தி மிச்சத்தை எடுத்துவிடலாம் என்றார். கயிற்றடியில் நடந்ததை வண்டியில் ஏற்றும்போதே குலம் எனக்குச் சொல்லியிருந்தான். காலையில் குலம் உங்களிடம் என்ன கேட்டான் தெரியுமா என்றேன். நான் சொன்னதைத் தலையைச் சாய்க்காமல் நேராக நின்று கேட்டார். "எல்லோரும் ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், சேவியர்" என்றார். அது பொய்யில்லை. நல்ல மனுஷிதான். அதற்குப் பிறகும் பல வருடம் அவரோடு வேலை செய்தேன். ஒருநாளும் அந்தக் கதையை நாங்கள் எடுக்கவில்லை.

பொலிஸ் வந்து விசாரித்தபோது மொழிபெயர்த்தவனும் நான்தான். குலம் கட்டுப் போட்ட முகத்தோடு, "நடிக்கேக்க தவறிப் பட்டது" என்று சொன்னான். வேறு விதமாகச் சொன்னால் நேசனின் அகதி விண்ணப்பம் கெட்டுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த ஒரு வசனத்தால் படக்காரருக்கும் நிம்மதி. தவறி நடந்ததற்கு யார் பொறுப்பு? கண் திரும்ப வரவில்லை.

நேசன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வேறு ஊர் விடுதிக்கு மாற்றிக் கேட்டுப் போய்விட்டான். பின்னர் கனடாவுக்குப் போனதாகக் கேள்வி. அவன் தம்பி இரண்டு மாதம் அந்த நெல் அறையில் இருந்து, வள்ளத்தில் இந்தியாவுக்குத் தப்பினான். நேசன் குலத்தின் தாயாருக்குக் கடிதம் போட்டானாம். குலத்துக்கு ஒரு வரி போடவில்லை. முகத்தில் முழிக்க முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. குலத்துக்கு விளங்கியதா தெரியாது.

அடுத்த வருடம் தொடர் ஒளிபரப்பானது. அந்தச் சண்டையை ஒரு துண்டுகூட வெட்டவில்லை, குர்தியால் சிங் ஓடி வந்த இடத்தைத் தவிர. இவ்வளவு உயிரோட்டமான போர்க்காட்சி நம் நாட்டில் வந்ததில்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். நான் அதை வீடியோவில் பதிந்து வைத்திருந்தேன். குலம் அப்போது கோப்பன்ஹேகனில் ஒரு கந்தோரில் துப்புரவு வேலை செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, போடுங்கோ அண்ணை, பாப்பம் என்றான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

சிவப்புக் கோட்டுகள் அணையில் ஏறின. குலத்தின் முகம் திரை முழுக்க வந்தது. வாய் ஆவென்று திறந்திருந்தது. அந்த வாய்க்கு அவர்கள் பிறகு வேறு சத்தம் போட்டிருந்தார்கள். "ஹுர்ரே!" என்று யாரோ ஒரு டெனிஷ்காரன் கத்துகிறான். குலம் ஹுர்ரே என்று பாய்கிறான்.

அவன் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கச் சொன்னான். எடுத்தேன். சத்தத்தை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். சத்தம் இல்லாமல் பார்க்கும்போது அந்த வாய் ஹுர்ரே சொல்லவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. உதடு மூடித் திறந்து, மூடித் திறந்து, நேசன் வாளை ஓங்குகிற இடம் வந்தது.

"அதில நிப்பாட்டுங்கோ அண்ணை," என்றான்.

படம் நடுங்கிக்கொண்டு நின்றது. ஓங்கின வாளும், விரித்த இரண்டு கையும், இரண்டு கண்ணும் இருந்த முகமும். குலம் எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தான்.

"இதுக்கு முதலே நான் முழுக்கச் சொல்லி முடிச்சிட்டன், அண்ணை," என்றான். "பாருங்கோ. முழுக்கச் சொல்லிட்டன்."